எல்ஃப்ரீடா தூக்க மறந்த விரல்

ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்து, தலை நரைத்த பிறகும் ஒரு சொட்டு ஒயினை விழுங்காத ஒரே ஜீவன் எல்ஃப்ரீடா நிட்ஷ்கே. ஆடுமாடுகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அறுவடைக் காலத்தில் பிழிந்து கொட்டிய திராட்சைச் சக்கையைத் தின்றுவிட்டு வேலிக்கம்பத்தோடு வம்பளக்கும் ஆடுகள் அங்கே எத்தனையோ உண்டு. எல்ஃப்ரீடாவுக்கு மட்டும் ஒயின் உதட்டில் பட்டால் போதும், தும்மல் வந்துவிடும். சாதாரணத் தும்மல் அல்ல. சின்ன வயதில், முதல் திருவிருந்தின்போது பாஸ்டர் நீட்டிய கிண்ணத்தை உதட்டில் வைத்ததும் அவள் போட்ட தும்மலில் பீடத்து மெழுகுவர்த்திகள் மொத்தமும் அணைந்தன. மாடியிலிருந்த ஆர்கன் யாரும் தொடாமலே ஒருமுறை முனகியது. அதன்பிறகு பாஸ்டர்கள் மாறினார்கள், வழக்கம் மாறவில்லை. எல்ஃப்ரீடாவின் முறை வரும்போது கிண்ணம் அவளைத் தாண்டிப் போய்விடும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பிழைப்பு, வெளியூர்க்காரர்களை ஒயின் ஆலை ஒயின் ஆலையாகக் கூட்டிப்போய்க் குடிக்க வைப்பது. கணவன் தியோ போய்ச் சேர்ந்தபோது விட்டுப்போன ஒரே சொத்து, ஒருகாலத்தில் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றிய சின்ன பஸ். பாலாடை நிறம். கதவைத் திறக்க டிரைவர் சீட்டிலிருந்து ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். மூட, பயணிகளில் ஒருவர் உதைக்க வேண்டும். பஸ்ஸுக்குள்ளே இன்னும் சுண்ணக்கட்டி வாசம் அடிக்கும்.

குடிக்கத்தான் மாட்டாளே தவிர, மோந்து பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ருசி பார்க்கும் கொட்டகையில் எல்லாரும் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டு திருதிருவென்று விழிக்கும்போது அவள் மூக்கை மட்டும் நீட்டி, "இது, நனைஞ்ச சேணத்த அடுப்புப் பக்கத்துல காயவெச்ச வாசம்" என்பாள். இன்னொன்றை மோந்து, "இது, ஞாயித்துக்கிழமை பூட்டியிருந்த வீட்ட திங்கக்கிழமை திறந்தா வருமே, அது" என்பாள். ஆலைக்காரர்கள் ஓடிப்போய் அதை எழுதி வைத்துக்கொண்டு புட்டி மேல் அச்சடித்தார்கள். நகரத்தில் அந்தப் புட்டிகள் நன்றாக விற்றன என்று கேள்வி.

ஆனால் ஒயினுக்காக யாரும் அவள் பஸ்ஸில் ஏறவில்லை. ஒயின் எல்லா பஸ்ஸிலும் கிடைக்கும். அடிலெய்டிலிருந்து குளிர்சாதனம் வைத்த பெரிய பெரிய பஸ்கள் வரத் தொடங்கி வெகுகாலமாகிறது. அவற்றிடம் இல்லாத ஒன்று எல்ஃப்ரீடாவிடம் இருந்தது. அதுதான் ஓட்டோமார் கிளைனிக்கின் கேட்.

லிண்டன்தால் ஊரைத் தாண்டியதும் ஓட்டோமாரின் பண்ணை. கேட்டைத் திறந்து அவனுடைய மண்பாதையில் ஏறினால், பாதாம் மரங்களுக்கு நடுவே, ஆட்டுப்பட்டியை ஒட்டி, கல்மேட்டு உச்சிக்குப் போய்விடலாம். அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும். அறுவடைக் காலத்தில் கொடிகள் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு கோடாக ஓடும். நடுவில் தேவாலயக் கோபுரங்கள் தையல் ஊசிபோலக் குத்தி நிற்கும். பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். குடித்தவர்கள் அழுவார்கள். பெரிய பஸ்கள் அந்தக் கேட்டுக்குள் நுழையாது. ஓட்டோமார் எல்ஃப்ரீடாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன் என்பதால் அவளுக்கு மட்டும் வாய்வார்த்தையாக வழிவிட்டிருந்தான். காகிதம், கையெழுத்து எதுவும் கிடையாது.

அந்தக் கேட் மூடினால் அவள் பஸ் கோழிக்கூடு. இது உவமை அல்ல. பள்ளத்தாக்கில் ஓய்வுபெற்ற பஸ்கள் எல்லாம் கடைசியில் கோழிக்கூடாகத்தான் போகும். எல்ஃப்ரீடாவின் சித்தப்பா மகன் ஆர்னோ அந்த பஸ்மேல் கண் வைத்து வெகுகாலமாகக் காத்திருந்தான். ஒருமுறை கோழிகளையே கூட்டிவந்து சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தான். "ஜன்னலோரம் ரொம்பப் பிடிச்சிருக்கு ஃப்ரீடாக்கா, இதுங்களுக்கு" என்றான். எல்ஃப்ரீடா கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்து, "எறங்கச் சொல்லு. டிக்கெட் வாங்கல" என்றாள்.

இனி அந்த விரல் விஷயத்துக்கு வரவேண்டும்.

பள்ளத்தாக்கின் சாலைகளில் சட்டம் ஒன்றுதான். எதிரே வண்டி வந்தாலும், ஓரத்தில் ஆள் நின்றாலும், ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். கை முழுவதையும் தூக்கினால் அது பகட்டு. பல்லைக் காட்டினால் அது நகரத்துப் பழக்கம். போகிறவர் விரலைத் தூக்கிய பிறகு, நிற்கிறவர் தலையை அசைக்கலாம். நிற்கிறவர் முந்திக்கொண்டால் ஓசிப் பயணத்துக்கு அலைகிறார் என்று அர்த்தம், அதைவிடக் கேவலம் கிடையாது. விரலை மனிதருக்கு மட்டும்தான் தூக்கலாம். மாட்டுக்கும் மரத்துக்கும் தூக்குபவர் குடித்திருக்கிறார் என்று சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். தாத்தா காலத்தில் தூக்காமல் போன ஒரு விரலுக்காக இரண்டு குடும்பங்கள் இன்றைக்கும் தேவாலயத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகின்றன. ஆனால் விரலைத் தூக்கிவிட்டால் எப்பேர்ப்பட்ட பகையும் அந்த நொடியோடு சரி. தூக்கிய விரலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

எல்ஃப்ரீடாவின் விரல் இந்த விஷயத்தில் தங்கம். தூங்கும்போதுகூடத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போர்வைக்குள் அது எழுந்து நிற்கும் என்று தியோ சொல்வான். அந்த விரல் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் தவறியது. தவறியது அறுவடைத் திருவிழாவின் முதல் சனிக்கிழமை.

திருவிழா வாரத்தில் பண்ணைக்குப் பண்ணை சாலையோரம் சோளக்கொல்லைப் பொம்மை வைப்பார்கள். இங்கே சோளமில்லை, திராட்சை. பொம்மை அதே பொம்மைதான். போனவருடக் கால்சட்டை, வைக்கோல் வயிறு, வாளித் தலை. அதற்குப் போட்டி உண்டு, பரிசு ரிப்பன் உண்டு. நடுவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஸோபல் ஐயா. அவர் கண்ணாடி போடாவிட்டால் தன் கையைத் தானே குலுக்கிக்கொள்வார். ஆனால் தீர்ப்புச் சொல்லப் போகும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார். "தெளிவாத் தெரிஞ்சா யாரோட பொம்மைன்னு தெரிஞ்சிடும். அப்புறம் பாரபட்சம் வந்துடும்" என்பது அவருடைய நியாயம். முதல் சனிக்கிழமை ரிப்பன் குத்துவார். கடைசிச் சனிக்கிழமை இன்னொரு சுற்று வந்து, புதிதாக நல்ல பொம்மை ஏதாவது முளைத்திருந்தால் வரிசையை மாற்றுவார்.

ஓட்டோமார் எந்த வருடமும் பொம்மை வைத்ததில்லை. எதிர்ப்பக்கத்துப் பண்ணை ராய் மாட்னர்தான் வருடா வருடம் முதல் பரிசு. துடைப்பக்கட்டைக்குப் பரங்கிக்காயைச் சொருகி, பழைய கோட்டை மாட்டிவிடுவான். அவ்வளவுதான். ஓட்டோமாருக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். பள்ளிக்கூடத்தில் ராய் முதல், இவன் இரண்டாவது. ஊறுகாய்ப் போட்டியில் ராய் வீட்டு வெள்ளரிக்காய் முதல், இவன் வீட்டு வெள்ளரிக்காய் இரண்டாவது. அந்த வருடம் அவனுடைய அக்கா ஹுல்டா, "சும்மா பொருமிக்கிட்டே இருக்காம நீயும் ஒண்ணு செஞ்சு வையேன்டா" என்று துரத்தினாள்.

செய்யத் தொடங்கினான். வைக்கோல் திணித்தான். உடம்பெல்லாம் வைக்கோல். எங்கே நிறுத்தினால் சாலையிலிருந்து எடுப்பாகத் தெரியும் என்று பார்க்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, கேட்டுப் பக்கத்தில் போய்த் தானே இரண்டு கையையும் விரித்து நின்றான். அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்து, இடதா வலதா என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ஹுல்டாவின் அடுப்பில் ஜாம் பொங்கியது. அவள் உள்ளே போய்விட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

எல்ஃப்ரீடாவின் பஸ் வந்தது.

ஓட்டோமார் பார்த்தான். நிற்கிறவன் முந்திக்கொள்ளக் கூடாது. விரலுக்காகக் காத்திருந்தான். விரல் எழவில்லை. பஸ் நின்றது. மைக்கில் எல்ஃப்ரீடாவின் குரல் கணீரென்று கேட்டது.

"அட, அட! எல்லாரும் இடது பக்கம் பாருங்க! நம்ம ஓட்டோமாரே இந்த வருஷம் பொம்மை வெச்சிருக்கான். தன்னையே செஞ்சிருக்கான் பாருங்க, கெட்டிக்காரன்! வயித்துல பொய் சொல்லல, அத ஒத்துக்கணும். மூஞ்சிதான் கொஞ்சம் ஓவரு. இவ்வளவு கடுகடுன்னு எந்த மனுஷனாவது இருப்பானா?"

பயணிகள் இறங்கினார்கள். முதலில் இறங்கியது பெவர்லி என்ற அம்மாள், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். மூன்று ஆலைகளில் ருசி பார்த்துவிட்டு, நான்காவதில் ருசித்த ஒயினைத் துப்ப வைத்திருக்கும் வாளியைத் தொடாமலே வந்தவர். அவர் பொம்மையின் மீசையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ, பல்லெல்லாம் வெச்சிருக்காங்கப்பா! மேல் வரிசையில ஒண்ணு சொத்தை. என்னா வேலைப்பாடு!"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று பிற்பாடு எல்லாரும் ஓட்டோமாரைக் கேட்டார்கள். அவனுடைய தர்க்கம் இது: மீசையைத் தூக்குவதற்கு முன்னால் அசைந்திருந்தால் அவன் விரலுக்கு முந்திக்கொண்டவன். மீசையைத் தூக்கிய பிறகு அசைந்திருந்தால் அதுவரை பொம்மையாக நின்றதை ஒப்புக்கொண்டவன். இரண்டுக்கும் நடுவே நேரமே இருக்கவில்லை. ஆகவே அவன் ஆடாமல் நின்றான். யாரோ அவன் மூக்கில் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்கள். யாரோ விரித்த கையில் கைப்பையைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பி, கேட்டுக்குள் நுழைந்து, அவன் பாதையிலேயே அவன் மேட்டுக்கு ஏறிப்போயிற்று.

பஸ் போன கையோடு ஸோபல் ஐயா சைக்கிளில் வந்தார். தடவிப் பார்த்தார். "நல்ல உருவம். ஆனா நெஞ்சுல வைக்கோல் பத்தாது" என்று முணுமுணுத்து ரிப்பனைக் குத்தினார்.

ஹுல்டா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது தம்பி கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தான். நெஞ்சில் நீல ரிப்பன், ஊசி தோல்வரை போயிருந்தது. ரிப்பனில் "இரண்டாம் பரிசு" என்று இருந்தது. எதிரே ராயின் பரங்கிக்காய் முதல் பரிசோடு இளித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்ஃப்ரீடா போனபோது கேட்டில் சங்கிலி தொங்கியது. சங்கிலிக்கு மேல் ஒரு பலகை: "பொம்மை கடிக்கும்."

பஸ்ஸில் இருந்தவர்களைக் கல்மேட்டுக்குப் பதிலாகத் தோல் பதனிடும் கொட்டகை வழியாகச் சுற்றிக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அங்கேயும் அழுதார்கள், வேறு காரணத்துக்கு. அடுத்த நாள் பஸ்ஸில் ஆளே இல்லை. ஆர்னோ மட்டும் அளவுநாடாவோடு வந்து நின்றான்.

எல்ஃப்ரீடா பண்ணையின் பின்பக்கமாகப் போய் ஹுல்டாவைப் பிடித்தாள். ஹுல்டா வாசலில் வெள்ளரிக்காய்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹுல்டாக்கா, உன் தம்பிக்கு என்னாச்சு? சங்கிலி போட்டு வெச்சிருக்கான்?"

"ஏன்டி ஃப்ரீடா, தெரியாம கேக்குறியா, தெரிஞ்சே கேக்குறியா? அவனப் பாத்து வெரலத் தூக்கலியாமே நீ."

"எப்ப? அவனப் பாத்தே ஒரு வாரமாச்சு."

"சனிக்கிழமை பாத்திருக்க. பல்லக்கூட எண்ணியிருக்கீங்க."

எல்ஃப்ரீடா ஒரு வெள்ளரிக்காய்ப் புட்டியை எடுத்து வரிசை மாற்றி வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அக்கா... அப்ப அந்தச் சொத்தைப் பல்லு?"

"அவனோடதுதான்."

"கடவுளே."

"அதுகூடப் போகுதுன்னுட்டான். ரெண்டாம் பரிசுங்குறதத்தான் தாங்க முடியல. 'மனுஷனா நின்னும் பரங்கிக்காய்கிட்ட தோத்துட்டேனே அக்கா'ன்னு ராத்திரி பூரா பொலம்பல்."

எல்ஃப்ரீடா வீட்டுக்குப் போய், மேலே வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்த கேக் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பள்ளத்தாக்கில் மன்னிப்புக் கேட்க வேறு பாஷை கிடையாது. ஓட்டோமார் கூடத்தின் நடுவில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டான்.

"டேய் ஓட்டோ, தெரியாம நடந்துபோச்சுடா. கைய எறக்கு."

அவன் அக்காவைப் பார்த்தான். "அக்கா, பொம்மை பேசாதுன்னு அவகிட்ட சொல்லு."

"பொம்மை பேசாதாம்" என்றாள் ஹுல்டா.

"பேசாத பொம்மை கேக்கு தின்னுமான்னு கேளுக்கா."

"கேக்க மேசமேல வெச்சிட்டுப் போகச் சொல்லு. நான் தின்னா அது மன்னிப்பு ஆகாது, பசி."

இப்படியே ஹுல்டா வழியாகப் பேச்சு போய் வந்து, கேக்கில் பாதி குறைந்தபோது தீர்ப்பும் வந்தது. அவள் அவனைப் பொம்மையாக்கினாள். ஆகவே அவளும் கேட்டில் பொம்மையாக நிற்க வேண்டும். அவன் டிராக்டரில் அந்த வழியாகப் போவான், வருவான். அவளுக்கு அவன் எப்போது விரலைத் தூக்குகிறானோ அப்போது சங்கிலி விழும்.

"எப்பத் தூக்குவானாம்?"

"அது வெரலோட இஷ்டமாம்" என்றாள் ஹுல்டா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கவலப்படாத. அவன் வெரலு அவன் பேச்சக் கேக்காது. பழக்கதோஷம், தானா எந்திரிச்சிரும்" என்றாள்.

எல்ஃப்ரீடாவும் அதைத்தான் நம்பினாள். செவ்வாய்க்கிழமை காலை தியோவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, சட்டைக் கைக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு, தொப்பியோடு கேட்டுப் பக்கத்தில் கையை விரித்து நின்றாள். பஸ்ஸை எதிர்த்தாற்போல் யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தியிருந்தாள்.

டிராக்டர் வந்தது. ஓட்டோமார் இரண்டு கையிலும், அடுப்பிலிருந்து தட்டு எடுக்கும் பஞ்சு உறையை மாட்டியிருந்தான். விரல் என்று ஒன்று இருப்பதே வெளியில் தெரியவில்லை. உறைக்குள் ஏதோ எலி புகுந்ததுபோல் ஒரு மேடு எழுந்து துடித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப்போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். அது உழுவதற்கு எதுவுமே இல்லாத காலம். அவன் வெறும் சாலையை உழுதான்.

பள்ளத்தாக்கு முழுவதும் செய்தி பரவியது. அது எல்ஃப்ரீடா என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொம்மையாக நிற்பவளுக்கு விரல் தூக்குவதா கூடாதா என்பது யாருக்கும் விளங்கவில்லை. பாஸ்டர் சைக்கிளிலிருந்து இறங்கி, தூரமாகச் சுற்றி, வயல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்கள் அந்த இடம் வந்ததும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். இரண்டு வண்டிகள் வாய்க்காலில் இறங்கின. நகரத்துப் பெரிய பஸ் ஒன்று நின்றது. வழிகாட்டிப் பையன் மைக்கில், "இது இந்த ஊரோட பழைய டிரைவர் ஒருத்தங்க ஞாபகமா வெச்ச சிலை" என்றான். எல்ஃப்ரீடாவுக்கு அதுதான் முதல்முறையாகச் சுருக்கென்றது. மற்றபடி அவள் நன்றாகவே நின்றாள். ஒரு காக்கை தொப்பிமேல் வந்து உட்கார்ந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கேக் துகளைக் கொத்தித் தின்றது. மறுநாள் தன் குடும்பத்தைக் கூட்டி வந்தது.

வெள்ளிக்கிழமையும் போயிற்று. பஞ்சு உறை கழலவில்லை.

விடிந்தால் கடைசிச் சனிக்கிழமை. பெவர்லி அம்மாள் போனமுறை பார்த்த பொம்மையின் பல்வரிசையை மறக்க முடியாமல், சீட்டாட்டத் தோழிகள் பஸ் கொள்ளுமளவுக்குத் திரட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். வருடத்தில் எல்ஃப்ரீடாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே கூட்டம் அது. அவர்களும் மேட்டைப் பார்க்காமல் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆர்னோவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு ஞாயிறுவரை பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

தோழிகள் வாடகை வண்டிகளில் வந்து இறங்கினார்கள். கையில் ஒயின் கிண்ணங்கள். வரும் வழியிலேயே தொடங்கியாயிற்று.

"டிரைவரம்மா எங்கப்பா?" என்றார் பெவர்லி. பிறகு பொம்மையைப் பார்த்தார். "அடியம்மா! போன வாரம் வேற பொம்மை, இந்த வாரம் வேற! இது நம்ம டிரைவர் மாதிரியே இல்ல?" உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "ம்ஹும். பல்லு பரவால்ல. ஆனா அந்தப் பழைய பொம்மை மாதிரி உயிரோட்டம் இல்ல."

ஆர்னோ கூடையிலிருந்து தலையைத் தூக்கி, "டிரைவர் எங்கேயும் போகல. சிலையாயிட்டாங்க" என்றான்.

நான்கு நாள் நின்றதை ஒரு வார்த்தையில் இழக்க எல்ஃப்ரீடா தயாராயில்லை. தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. வரட்டும், கடைசியாக ஒருமுறை.

அந்தச் சமயத்தில் பெவர்லிக்கு ஒரு யோசனை வந்தது. "பாவம், பொம்மைக்கும் ஒரு வாய் குடுங்கடி, படம் எடுக்கலாம்" என்று ஷிராஸ் ஒயின் கிண்ணத்தை எல்ஃப்ரீடாவின் உதட்டில் வைத்துச் சாய்த்தார்.

உதட்டில் பட்டுவிட்டது.

எல்ஃப்ரீடாவின் மூக்கு விரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. முழு பலத்தையும் திரட்டித் தும்மலை அடக்கினாள். அது கழுத்துவழியாக இறங்கி முட்டியில் போய் முட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. தொப்பி மெல்ல எழும்பியது. காக்கைக் குடும்பம் எதையோ உணர்ந்து பக்கத்து மரத்துக்கு மாறியது.

ஒருபுறம் டிராக்டர் வந்து நின்றது. மறுபுறம் ஸோபல் ஐயாவின் சைக்கிள் வந்து நின்றது, கண்ணாடி இல்லாமல்.

ஸோபல் ஐயா பொம்மையை அண்ணாந்து பார்த்தார். தோளைத் தட்டினார். "ஆகா. போன வாரத்தவிட எவ்வளவோ மேல். நெஞ்சுல வைக்கோல் இருக்கு, கண்ணுல தண்ணிகூட வருது. சந்தேகமே இல்ல, இதுதான் முதல்." பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்தார். "அப்ப ராயோடது ரெண்டாவது. அந்தப் பழசு மூணாவது."

ஓட்டோமார் டிராக்டரில் உட்கார்ந்தபடி இதைக் கேட்டான். இரண்டாவது என்பதோடு அவன் ஒருவழியாக வாழப் பழகியிருந்தான். வாழ்நாள் முழுக்கப் பழக்கம். ஆனால் மூன்றாவது என்பது அவன் குடும்பத்தில் யாருக்கும் நேர்ந்ததில்லை. ரிப்பன் எல்ஃப்ரீடாவின் கோட்டை நெருங்கியது. தடுக்க ஒரே வழிதான். அவள் பொம்மை இல்லை என்று ஊரறிய நிரூபிக்க வேண்டும். பொம்மைக்கு யாரும் தூக்காத ஒன்று இருக்கிறதே.

பஞ்சு உறையைப் பல்லால் கடித்து இழுத்து வீசினான். ஸ்டீயரிங்மேல் விரலைத் தூக்கினான். நான்கு நாளாக அடக்கி வைத்த விரல், விறைத்துக்கொண்டு எழுந்தது.

எல்ஃப்ரீடா பார்த்தாள். இந்தப் பக்கம் முதல் பரிசு, அந்தப் பக்கம் கேட். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கும் சபலம் தட்டியது. அவளும் வாழ்க்கையில் எதற்கும் பரிசு வாங்கினவளில்லை. பிறகு முறைப்படி தலையை அசைத்தாள்.

அசைத்ததில் தும்மல் விடுபட்டது.

தொப்பி பறந்தது. ரிப்பன் ஸோபல் ஐயாவின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போயிற்று. சீட்டாட்டத் தோழிகளின் கிண்ணங்கள் காலியாயின. ஆர்னோவின் கோழிகள் கூடையோடு உருண்டு, அதிர்ச்சியில் ஆளுக்கொரு முட்டையிட்டன. சாலைக்கு அந்தப்பக்கம் ராய் மாட்னரின் துடைப்பக்கட்டை ஆடியது. பரங்கிக்காய்த் தலை ஒருமுறை சுற்றி, கழன்று, கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது.

எல்லாம் அடங்கியபோது ஸோபல் ஐயா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "என்ன காத்து, என்ன காத்து!" என்றார். கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தார். எல்ஃப்ரீடா தொப்பியைப் பொறுக்க நகர்ந்துவிட்டதால் அங்கே பொம்மை இல்லை. எதிரே பார்த்தார். பரங்கிக்காயும் இல்லை. "ரெண்டும் போச்சு. அப்ப அந்தப் பழசுதான் முதல். அது எங்க? இங்கதானே இருந்துச்சு?"

ஓட்டோமார் டிராக்டரிலிருந்து இறங்கிவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எல்ஃப்ரீடா பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்ததில்லை. கேட்டண்டை ஓடி வந்தவன், சாவியை அவள் கையில் திணித்தான்.

"ஃப்ரீடா, கதவத் தொற. சீக்கிரம் தொற. இந்தப் பொம்பளைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு மேல போயிரு. பல்லுப் பாக்குற அம்மாவ மொதல்ல ஏத்து."

"டேய், நீ மனுஷன்னு சொல்லத்தானேடா இத்தன நாளு..."

"அது அப்பறம். போடி."

அவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வழக்கமான இடத்தில் போய், இரண்டு கையையும் விரித்து நின்றான். ஹுல்டா ஜன்னலிலிருந்து, "கொஞ்சம் இடது பக்கம்டா!" என்று கத்தினாள். போனவாரம் சொல்லியிருக்க வேண்டியது.

எல்ஃப்ரீடா தோழிகளை ஏற்றினாள். ஆர்னோவின் கோழிகளும் குழப்பத்தில் ஏறிவிட்டன. இந்த முறை அவள் டிக்கெட் கேட்கவில்லை. யாரோ கதவை உதைத்து மூடினார்கள். சங்கிலி தரையில் கிடந்தது. பஸ் முனகிக்கொண்டு கேட்டை நோக்கி நகர்ந்தது. மேட்டின்மேல் மஞ்சளும் சிவப்புமாக வெயில் விழுந்திருந்தது.

கேட்டருகே ஸோபல் ஐயா பொம்மையின் நெஞ்சைத் தடவி, ரிப்பனுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். எல்ஃப்ரீடா வேகத்தைக் குறைத்தாள். ஓட்டோமாரைப் பார்த்து, ஸ்டீயரிங்கிலிருந்து விரலை நன்றாக, நின்று நிதானமாக, யார் கண்ணிலும் தப்பாதபடி தூக்கினாள்.

ஓட்டோமார் அசையவேயில்லை.